கட்டிங் மாஸ்டர் செல்போனுக்குப் போன பேக்கிங் லிஸ்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் சம்பளத்தில் சேர்த்தி இல்லை. ஆனாலும் பிரிண்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பிரிண்டர் கீழே பேக்கிங் ஹாலில், வைஃபையில் இருக்கிறது. மாடியில் என் கம்ப்யூட்டர், கீழே பேக்கிங் கம்ப்யூட்டர், இரண்டுக்கும் அது ஒன்றுதான். போன மாதம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தி, சாயங்காலம் விட்டார்கள். தூத்துக்குடி லாரி வாசலில் நிற்கிறது. பிரிண்ட் கொடுத்தால் 'ஆஃப்லைன்' என்கிறது.

"ஏனுங் தம்பி, லிஸ்ட் ஆச்சுங்களா? லாரி நிக்குதுங்க" என்று கீழேயிருந்து பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணன்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாயிற்று. பிரிண்டரை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டதில் அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். பிரிண்டரின் நெட்வொர்க் முகவரி 192.168.1.7 என்று பழைய டைரியில் இருந்தது. அந்த முகவரியில் ஆள் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பதுதான் பிங். பிங் கொடுத்தேன், பதில் வந்தது. அப்படியானால் பிரிண்டர் நன்றாகத்தானே இருக்கிறது? இதில் ஏமாந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடுப்பில் கீழே போய் பிரிண்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டு வந்து மறுபடி பிங் கொடுத்தேன். அப்போதும் பதில் வந்தது!

பிளக்கைச் சொருகி, பிரிண்டரின் மெனுவிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை எடுத்துப் பார்த்தேன். இப்போது அதன் முகவரி 192.168.1.12. விஷயம் இதுதான்: முகவரி கொடுப்பது வைஃபை பெட்டியான ரௌட்டர். கரண்ட் போய் வந்ததில் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை அது மறந்துவிட்டது. பிரிண்டரை ஆன் பண்ணுவதற்குள் வைஃபைக்குள் வந்த கட்டிங் மாஸ்டர் செல்போனுக்கு 7 போய்விட்டது. லைன் வீட்டைக் காலி பண்ணிப் போனவருக்குப் பழைய கதவு நம்பரிலேயே கடுதாசி போட்ட கதை. பேக்கிங் கம்ப்யூட்டரில் கொடுத்துப் பார்த்தால் பிரிண்ட் வந்தது. அதற்கும் காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு அனுப்பும் வழிதான் போர்ட். அதில் இருந்தது டபிள்யூஎஸ்டி போர்ட். பிரிண்டரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும். என்னுடையதில் டிசிபி/ஐபி போர்ட். எழுதிவைத்த நம்பரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

லிஸ்ட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கீழே பிரிண்ட் எடுத்து லாரியை அனுப்பினோம்.

மறுநாள் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபியில் முகவரி ஒதுக்கும் இடத்தில், அந்தத் தாளில் இருந்த மேக் முகவரியை (பிரிண்டருக்கே உரிய மாறாத அடையாள எண்) எழுத்துப் பிசகாமல் அடித்து 192.168.1.200 கொடுத்தேன். பிரிண்டரிலேயே நிலையான நம்பர் போடலாம்தான். ஆனால் ரௌட்டர் அது தெரியாமல் அதே நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் மறுபடி இதே கூத்து. அப்புறம் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, என் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸுக்குள் போய் 200-க்குப் புது போர்ட் சேர்த்தேன். டெஸ்ட் பேஜ் வந்தது.

அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் ஒன்றில் அந்த நம்பரை எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டிவிட்டேன். இந்த மாதமும் கரண்டை நிறுத்தினார்கள். வந்ததும் முதல் வேலையாக ஒரு டெலிவரி சலானுக்கு பிரிண்ட் கொடுத்தேன்.

"வந்துருச்சுங் தம்பி" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.