கால்வாய்க்குப் பொறுப்பானவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஏதாவதொரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கால்வாய் அடைபட்டு, மழைநீர் வாசலைத் தொடும் நிலை வந்தால், நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் நாடிச் செல்வது சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தைத்தான். அவரும் மறுக்காமல் மனுவை வாங்கிக்கொள்வார், அதிகாரி ஒருவரை அழைத்துப் பேசுவார், வேலையும் நடந்துவிடலாம். ஆயினும் சட்டப்படி அந்தக் கால்வாய் அவருடைய பொறுப்பு அன்று. மாநிலச் சட்டங்களை இயற்றுவதும், மாநில வரவுசெலவுத் திட்டத்தை ஆராய்வதும், ஆட்சிக்குழுவைக் கேள்வி கேட்பதுமே சட்டமன்ற உறுப்பினரின் முதற்கடமைகள். வீட்டுப் பகுதிக் கால்வாய், குப்பை, சந்தை, அங்காடிக் கடை உரிமம், கட்டட வரைபட ஒப்புதல் முதலியன ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தவை. தீவில் அது பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். அம்மன்றங்களில் அமர்ந்திருப்போரில் ஒருவரைக்கூட நாம் வாக்களித்து அனுப்பவில்லை.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இதனைத் தெளிவாகவே சொல்கிறது. ஒவ்வொரு மன்றத்திலும் தலைவர் அல்லது மேயருடன் 8 முதல் 24 வரை உறுப்பினர்கள் இருக்கலாம்; அவர்களை நியமிப்பது மாநில அரசு; பதவிக்காலம் ஒரு முறைக்கு 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது, மறுநியமனத்துக்குத் தடையில்லை. அவர்களில் பெரும்பான்மையோர் அந்த ஊராட்சி எல்லைக்குள் வழக்கமாக வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும், ஊராட்சி அனுபவமோ தொழில்துறையில் சிறப்போ தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் தகுதியோ உடையவர்களாக இருக்க வேண்டும் என்றும் அப்பிரிவு எதிர்பார்க்கிறது. அத்தகுதியை எடைபோடும் உரிமை மட்டும் குடியிருப்பவரிடம் இல்லை.

உறுப்பினர் பதவி வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள், மன்றத்தின் அதிகாரங்களை ஒரு முறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். துணைச் சட்டங்களை இயற்றுவது, ஆண்டு வரவுசெலவை நிறைவேற்றுவது, மாநில அரசின் ஒப்புதலுடன் மதிப்பீட்டு வரி விகிதத்தை நிர்ணயிப்பது ஆகியவை அவர்களுடைய கையில் உள்ளன. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணித்து, அதன் மேல் 35 விழுக்காடு வரையில் வரி விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் மன்றங்கள் அவ்வுச்சவரம்பை நெருங்குவதில்லை என்றாலும், ஆண்டுக்கு இரு முறை நம் கைப்பணத்தைக் கேட்கும் அதிகாரம் நம் வாக்குக்குக் கட்டுப்படாத ஓர் அவையிடம் உள்ளது என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அமெரிக்காவில் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவுகளான கவுண்டிகள் 3,000க்கும் மேல் உள்ளன. அவற்றில் பலவற்றில் மக்கள் ஆட்சிக்குழு உறுப்பினர்களோடு நின்றுவிடாமல், சிறைச்சாலையை நடத்தும் ஷெரீப், வரிப்பணத்தைக் காக்கும் பொருளாளர், ஆவணங்களைப் பராமரிக்கும் எழுத்தர், சில இடங்களில் சொத்தை மதிப்பிடும் அலுவலர் வரைக்கும் தனித்தனியே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்தனைப் பதவிகளுக்கும் தேர்தல் வேண்டுமா என்பது விவாதத்துக்கு உரியது. மதிப்பீட்டாளருக்குத் துறையறிவுதான் முக்கியம் என்று நானும் கருதுகிறேன். ஆனால் வரியை முடிவு செய்யும் அவையையாவது வரி கட்டுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த உரிமை நமக்குப் புதியதுமன்று. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் 1857லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது, 1913ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதுவும் மறைந்தது. பின்னர் 1951 டிசம்பர் 1ஆம் தேதி, நாடு விடுதலை பெறுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்நகர மக்கள் 15 இடங்களில் 9 பேரைத் தேர்ந்தெடுத்தனர். 1957 ஜனவரி 1ஆம் தேதி நகரம் மாநகரமானபோது மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டிருந்தது. அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். மின்சாரம், தண்ணீர், பேருந்து ஆகிய மூன்றையும் அம்மன்றமே நடத்திவந்தது என்பதை இன்றைய இளையோரிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச் 1ஆம் தேதி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் குற்றமற்றவை என்று நான் வாதிடவில்லை. நிர்வாகச் சீர்கேடு குறித்த குற்றச்சாட்டுகளின் பேரில் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பணிகளையும் 1966இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் நாடு முழுவதிலுமுள்ள ஊராட்சி மன்றங்களை ஆராய்வதற்கென்றே ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது; அது குறைகளையெல்லாம் அலசிய பிறகும், ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றே 1968இல் பரிந்துரைத்தது. நம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமையேற்று எழுதிய அந்த அறிக்கையை நாம் இவ்வளவு விரைவில் மறந்தது வருந்தத்தக்கது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான பழைய சட்டங்களைச் செயலிழக்கச் செய்தது.

பினாங்கு அரசு 2012இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. கூட்டரசு அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஊராட்சித் தேர்தல் என்பது வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தும், நாடாளுமன்றச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் அதனை நடத்த இயலாது என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சாவி இப்போது நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.

தேர்தல் வந்தால் இந்தியர்களுக்கு இடமே கிடைக்காது, நியமனத்தில்தான் கட்சிகள் நமக்குச் சில இடங்களை ஒதுக்குகின்றன என்று கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநகரில்தான் இராமநாதன் மேயரானார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், கட்சி தந்த இடத்தில் அமர்ந்தவர் அடுத்த நியமனத்துக்கும் கட்சியைத்தான் பார்ப்பார். பாகான் டாலாமிலோ பிறையிலோ குடியிருப்பவர் அவரை மாற்ற விரும்பினால் வழி ஏது? நியமன உறுப்பினர்களில் அக்கறையோடு உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு அவர்களின் மனச்சாட்சியை மட்டுமே நம்பியிருப்பதுதான் சிக்கல். கோலாலம்பூர் நிலைமை இன்னும் மோசம். அங்கு மேயருக்கு ஆலோசனை கூறும் வாரியம் உண்டு, நம்மைப் போல மன்ற உறுப்பினர்கள்கூட இல்லை.

சட்டம் மாறும் வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு கூறுகிறது. செயற்குழுக் கூட்டங்களுக்குத்தான் அவ்விதி இல்லை. பாடாங் கோத்தா லாமாவில் உள்ள பழைய மாநகர் மன்றக் கட்டடத்துக்குள் செல்ல நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் அதனைப் பயன்படுத்தும் தமிழர்கள் மிகக் குறைவு. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் நடைமுறைக்கு வராத பகுதியில் பக்கத்து நிலத்தில் கட்டடம் எழுப்ப விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அது கிடைத்த 21 நாள்களுக்குள் அவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அக்கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, மாடி எழும்பிய பிறகு சட்டமன்ற உறுப்பினரிடம் ஓடுவதில் பயனில்லை.

அடுத்த முறை கால்வாய்ப் புகாரை எழுதும்போது, மன்றத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பி எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதியைக் கவனிக்கும் மன்ற உறுப்பினர் யார் என்று கேட்டு அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பும் நகலில், ஊராட்சித் தேர்தலைப் பற்றிய தங்கள் நிலைப்பாடு என்ன என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.