வகித்த பதவிகள்: இல்லை

ஆளுமைகளைப் பற்றிய கலைக்களஞ்சியப் பதிவுகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலையாக இருந்த ஆண்டுகளில், அரசியல்வாதிகளுக்கென்று எங்களிடம் தனிப் படிவம் ஒன்று இருந்தது. பிறப்பு, கல்வி, கட்சி, தொகுதி, வகித்த பதவிகள், மறைவு என்று கட்டங்களை நிரப்பி முடித்தால் பாதிப் பதிவு எழுதியாகிவிடும். ஜப்பானிய அரசியல்வாதிகளுக்கு இந்தப் படிவம் இன்னும் நன்றாகவே பொருந்தியது. நெடுங்காலம் ஒரே கட்சி ஆண்ட நாடு என்பதால், கட்சிக்குள் ஒரு குழு, பிறகு ஓர் அமைச்சகம், பிறகு அதைவிடப் பெரிய அமைச்சகம் என்று பலருடைய வாழ்க்கை ஒரே தடத்தில் சென்றிருந்தது. இச்சிகாவா ஃபுசாயே அம்மையாரின் பதிவை எழுத உட்கார்ந்தபோதுதான் கட்டங்கள் கைவிட்டன. கட்சி என்ற இடத்தில் சுயேச்சை என்று எழுதினேன். பதவிகள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். ஐந்து முறை மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உறுப்பினராக இருக்கும்போதே மறைந்த ஒருவரைப் பற்றி அந்தப் படிவத்தால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அவர் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 1953இல், அறுபது வயதை நெருங்கும்போது. ஆகவே அதற்கு முந்தைய வேலைகளைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. 1893இல் ஐச்சி மாகாணத்தின் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அம்மாவை அடிக்கிறவர். அதே அப்பாதான் பெண்பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்று நின்றவர். பெண்ணாகப் பிறந்ததுதான் தன் துரதிர்ஷ்டம் என்று அம்மா சொல்லிவந்ததை இச்சிகாவா கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். ஆசிரியப் பயிற்சிக்குப் பின் தொடக்கப்பள்ளி ஆசிரியை, நகோயாவில் செய்தித்தாள் நிருபர், டோக்கியோவில் ஒரு தொழிலாளர் அமைப்பின் மகளிர் பிரிவுச் செயலர் என்று இருபதுகளிலேயே பல வேலைகள் பார்த்துவிட்டார். இவற்றையெல்லாம் பொதுவாக ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவார்கள். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை, ஏனென்றால் பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவரிடம் தெரியும் குணங்கள், அதாவது கணக்கு எழுதுவது, தாள்களைச் சேர்த்து வைப்பது, கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்குவது எல்லாம், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பெண்ணின் குணங்களாகவே எனக்குப் பட்டன.

1900ஆம் ஆண்டின் காவல் சட்டம் ஒன்று, பெண்கள் அரசியல் கூட்டங்களுக்குச் செல்வதையும் கட்சிகளில் சேர்வதையும் தடை செய்திருந்தது. அதன் 5ஆம் பிரிவை மாற்றக் கோரி, எழுத்தாளர் ஹிராட்சுகா ராய்ச்சோவுடன் சேர்ந்து 1920இல் புதிய பெண்கள் சங்கத்தை அவர் நிறுவினார். 1922இல் கூட்டத் தடை நீங்கியது. கட்சிகளில் சேர்வதற்கான தடை மட்டும் நீடித்தது. அந்த வெற்றி வந்தபோது அவர் ஊரில் இல்லை. அமெரிக்காவில் வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டே, அங்கிருந்த பெண்கள் இயக்கங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1924இல் திரும்பியதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் டோக்கியோ அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வாக்குரிமை இயக்கத்தையும் தொடங்கினார். அடுத்த ஆண்டு 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பெண்களுக்கு உள்ளாட்சி அளவிலாவது சில உரிமைகளை வழங்க முயன்ற மசோதா, 1931இல் கீழவையைத் தாண்டியும் அன்றைய மேலவையான பிரபுக்கள் அவையில் தோற்றது.

அடுத்த பத்தாண்டுகளை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. 1940இல் அவருடைய வாக்குரிமைக் கழகம் கலைக்கப்பட்டது. போருக்கு மக்களைத் திரட்டிய அரசுக் குழுக்களில் இச்சிகாவா இடம்பெற்றார். எழுத்தாளர்களையும் பேச்சாளர்களையும் அரசின் பக்கம் கட்டிவைத்த பெரிய ஜப்பான் கருத்துரை நாட்டுப்பற்றுச் சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். அதன் காரணமாக, 1947 மார்ச்சில், போரில் வென்ற நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ் நடந்த பொதுவாழ்வு விலக்கத்துக்கு, அதாவது பொதுப் பதவிகள் வகிக்கும் தடைக்கு, உள்ளானார். 1950 அக்டோபர் வரை அந்தத் தடை நீடித்தது. எங்கள் அலுவலகத்தில் என் பதிவைப் படித்த மூத்தவர் ஒருவர், வாக்குரிமைக்காக வாழ்ந்த பெண்மணியின் பதிவில் இந்தப் பத்தி இடறுகிறது என்றும், 'போர்க்கால இடைவெளி' என்று சுருக்கிவிடலாம் என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது இடைவெளியே அல்ல. எந்த அரசு பெண்களை வாக்காளராக ஏற்க மறுத்ததோ அதே அரசு, போருக்காக அவர்களைக் குழுக்களில் உட்கார வைத்தது. அந்த நாற்காலி வழியாகவேனும் பெண்கள் பொதுவாழ்வுக்குள் நுழையட்டும் என்று கருதியவர்களில் இச்சிகாவாவும் ஒருவர் என்றே நான் வாசிக்கிறேன். அதை மன்னிப்பதும் கண்டிப்பதும் வாசகர் பாடு. பதிவில் அந்தப் பத்தி நின்றது.

1945ஐப் பற்றியும் ஒரு பழக்கமான வாக்கியம் உண்டு: ஜப்பானியப் பெண்களுக்கு வாக்குரிமையை, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் கொடுத்தார் என்பது. சரணடைந்து பத்து நாட்களே ஆன ஆகஸ்ட் 25ஆம் தேதி, குண்டுவீச்சில் எரிந்துகிடந்த டோக்கியோவில், இச்சிகாவா மற்ற பெண் தலைவர்களோடு சேர்ந்து ஒரு குழுவை அமைத்துவிட்டார். அக்டோபரில் ஷிடெஹாரா அமைச்சரவை பெண்களுக்கு வாக்குரிமை வழங்க இசைந்ததும்கூட, மெக்ஆர்தரின் 11ஆம் தேதி உத்தரவுக்கு ஓரிரு நாள் முன்னதாகத்தான். அந்த உத்தரவின் அழுத்தம் இல்லாமல் சட்டம் டிசம்பருக்குள் நிறைவேறியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் 'கொடுத்தார்' என்று எழுதுகிறவர்கள் இருபத்தைந்து ஆண்டு வேலையை ஒரே வினைச்சொல்லில் அழித்துவிடுகிறார்கள். 1946 ஏப்ரல் 10 தேர்தலில் 39 பெண்கள் வென்றனர். அவர்களில் இச்சிகாவா இல்லை.

1953இல் டோக்கியோ தொகுதியில் நின்றபோது, அவர் தமக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டார். வேட்பாளர் தன் பணத்தைக் கொட்டக் கூடாது. ஆதரவாளர்களே முன்மொழிந்து, அவர்களே சிறு தொகைகளாகத் திரட்டிச் செலவு செய்ய வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்புக்கு வெகு கீழேயே செலவு நிற்க வேண்டும். கணக்கு வெளியே தெரிய வேண்டும். இதை அவர் இலட்சியத் தேர்தல் என்று அழைத்தார். கேட்பதற்குப் பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கும். அப்படித்தான் நானும் நினைத்தேன், ஆனால் அவர் அதே முறையில் 1959இலும் 1965இலும் மறுபடி வென்றார். டோக்கியோவின் யொயோகியில் அவர் நிறுவிய பெண்கள் வாக்குரிமைக் கூடத்தில், கட்சிகளும் அரசியல் அமைப்புகளும் தாக்கல் செய்யும் நிதி அறிக்கைகளைத் திரட்டி ஆராயும் வேலையும் நடந்தது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கூட்டிப் பார்த்து வெளியிடுவது, ஓர் உறுப்பினர் அவையில் ஆற்றும் எந்த உரைக்கும் குறைந்த வேலை இல்லை. 1956இல் நிறைவேறிய பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்துக்காக, கட்சி வேறுபாடு பாராமல் மற்ற பெண் உறுப்பினர்களோடு அவர் உழைத்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1971இல் தோற்றார். 78 வயதானவருக்கு அதுவே ஓய்வாக இருந்திருக்கும். 1974இல் மறுபடி நிற்க அவருக்கே அவ்வளவாக விருப்பமில்லை. இளைஞர்கள் சிலர் விடாமல் வற்புறுத்தி இறக்கினார்கள். அந்தப் பிரசாரத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான கான் நவோட்டோ, 2010இல் பிரதமரானார். அப்போதைய பிரதமர் தனாகா ககுயேயின் கட்சி, வணிக நிறுவனங்கள் தந்த பணத்தை இறைத்த தேர்தல் என்று பெயரெடுத்த அதே தேர்தலில், நாடு முழுவதும் ஒரே தொகுதியாக இருந்த தேசியப் பிரிவில் இச்சிகாவா இரண்டாம் இடம் பெற்றார். அந்த ஆண்டு சமூகத் தலைமைக்கான மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. பொதுச்சேவைக்கான விருதை அதே ஆண்டு பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி என்பதால், எங்கள் தொகுப்பில் இருவருடைய பதிவுகளும் ஒரே சமயத்தில் அச்சுக்குப் போயின. சுப்புலட்சுமியின் பதிவுக்குப் படிவமே தேவைப்படவில்லை.

1980இல், 87 வயதில், தேசியப் பிரிவிலேயே முதலிடம் அவருக்கு. வாக்குகள் 27 லட்சத்துக்கும் அதிகம். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட வேண்டும் என்று பெண்கள் அமைப்புகளைத் திரட்டி அழுத்தம் கொடுத்ததும், அந்த ஜூலையில் கோபன்ஹேகனில் ஜப்பான் கையெழுத்திட்டதும் அதே ஆண்டில்தான். 1981 பிப்ரவரி 11 அன்று மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, தேசியப் பிரிவு கட்சிப் பட்டியல்களுக்கான விகிதாசாரத் தேர்தலாக மாறியது. கட்சி இல்லாத ஒருவர் நாடு முழுவதும் தனித்து வாக்குக் கேட்கும் வழி, 1983 முதல் ஜப்பானில் இல்லை.