வேனில் உட்கார்ந்தவர்கள்

சிக்கலில் வேன் நின்றதும் அக்கா மகன் மட்டும் இறங்கவில்லை. "நான் வேன்லயே இருக்கேன் சித்தி. உள்ளேயே இருக்கிறவரைப் பார்க்க உள்ள எதுக்குப் போகணும்?" என்றான். ரமணரைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். காபி வேணுமாடா என்றால்கூட, கேட்பது யார் என்று முதலில் விசாரிக்கச் சொல்வான்.

பக்கத்து வீட்டு அக்காவும் இறங்கவில்லை. அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், கோயில் படி மிதிக்க மாட்டார். நாகையில் நாத்தனார் வீட்டில் விட்டுவிடச் சொல்லித்தான் வண்டியில் ஏறினார். பாதி வழியில் போன் வந்தது. நாத்தனார் மயிலாடுதுறை போய்விட்டாராம், ராத்திரிதான் வருவாராம். ஆக, நாள் முழுக்க எங்களோடுதான். சீட்டைச் சாய்த்துக் கண்ணசரலாம் என்றிருந்த டிரைவர் தம்பி, வண்டிக்குள் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

சிக்கல் சிங்காரவேலர், நாகை நீலாயதாட்சி, நாகூர், வேளாங்கண்ணி. இந்த நாலும் ஒரே நாளில் என்பது அம்மாவின் கணக்கு. வருஷத்துக்கு ஒருமுறை மன்னார்குடியில் முதல் பஸ் ஏறி, ஒரு மஞ்சள் பையோடு முடித்துவிட்டு வருவாள். அவள் போனபின் இதுதான் முதல் தடவை. துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டது என் தப்பு.

சிங்காரவேலர் முன்னால் சித்தப்பா சம்பந்தர் பதிகத்தைப் பாட ஆரம்பித்தார். நல்ல குரல், அதை மறுக்க முடியாது. ஐப்பசி சஷ்டியில் அம்மன் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்கும்போது முருகன் முகத்தில் வியர்க்கும் என்பார்கள். சாதாரண நாளிலும் அந்த முகத்தைப் பார்த்தால் துடைத்துவிடத் தோன்றும். நான் கண்ணை மூடிய நேரம் பார்த்து, "அர்ச்சனைச் சீட்டுல நட்சத்திரம் தப்பா சொல்லிட்டே" என்றார் சித்தப்பா.

நாகைக் காரோணம் என்கிற நீலாயதாட்சி கோயிலில் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தேவார மூவரும் பாடிய தலம் அல்லவா. அதிபத்தர் கதையை என்னிடம் சொன்னதோடு நிற்காமல், வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தையும் பிடித்துக்கொண்டார். நாள்தோறும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட பரதவர். வலையில் ஒரே ஒரு மீன் வந்த நாளில், அது பொன்மீனாக இருந்தும், கடலுக்கே திருப்பிக் கொடுத்தவர். சொல்லும்போது சித்தப்பாவுக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தை அழுதும் அவர் விடவில்லை.

அதே மனிதர் நாகூரில், பூக்கடை வாசலில் நின்ற வேனுக்குள்ளிருந்து, "சமாதிக்கெல்லாம் நான் கும்பிட மாட்டேன், நீ போயிட்டு வா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குக் கூசியது. பூக்கட்டிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார். "பரவால்ல அய்யா, வெயிலா இருக்கு. வண்டிய அந்த நிழல்ல போடச் சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அக்கா மகன் இங்கே இறங்கினான். சிலை இல்லாத இடமாம், அதனால் பாதகமில்லையாம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாராவைச் சுற்றிப் புறா பறப்பதைப் போனில் எடுத்துக்கொண்டே வந்தான். தகடு விற்கிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். கை, கால், கண், வீடு, படகு என்று வெள்ளித் தகட்டில் வெட்டி வைத்திருப்பார்கள். அம்மா எப்போதும் கால் தகடுதான் வாங்குவாள். இப்போது முட்டி வலி எனக்கு. வாங்கிப் பார்த்தேன், விரல் ஐந்தும் தனித்தனியாகக் கீறியிருந்தது. ஆண்டவர் சன்னிதியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மனம் அடங்கியிருந்தது. வேனில் ஏறும்வரைதான்.

வேளாங்கண்ணி போகிற வழியில் சித்தப்பாவிடம் வெடித்துவிட்டேன். "அம்மா இருந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"அவ கிட்டயே பல தடவை பேசியிருக்கேன்" என்றார். அதுவும் உண்மைதான். அந்தக் கோபத்தில், வேளாங்கண்ணியில் வண்டி நின்றபோது நான் இறங்கவில்லை. மோர் கேட்டு வாங்கி, நொண்டிச் சிறுவனை நடக்கவைத்த மாதா. அவளைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா, "கடலைப் பார்க்கப் போறேன், கோயிலுக்கு இல்ல" என்று அறிவித்துவிட்டு இறங்கிப் போனார். கண்ணாடி வழியே மணல் பாதை கொஞ்சம் தெரிந்தது. முட்டியில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் முழங்காலிலேயே நகர்ந்து போனாள், பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியபடி.

பக்கத்து வீட்டு அக்கா டிபன் டப்பாவைத் திறந்தார். அவரும் இறங்கவில்லை. சுரூபத்துக்கு முன்னால் நிற்பது அவர் சபையில் கூடாது. மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. கோயில் புளியோதரையை நீட்டியபோது காலையில் கையால் தொடாமல் மறுத்தவர்தான், இப்போது இரண்டு இட்லியை என் மடியில் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், "உனக்காக ஜெபிக்கட்டா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை தலைமேல் வந்துவிட்டது. முட்டி வலி, சித்தப்பாவின் வாய், அக்கா மகனுக்கு வேலை என்று ஒன்றுவிடாமல் கர்த்தரிடம் சொன்னார். அவர் கையில் நல்லெண்ணெயும் பொடியும் மணத்தது. இரண்டு நாள் தலைமுடியில் அந்த வாசம் இருந்தது.

திரும்பும் வழியில் நாகை வெளிப்பாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். இந்தப் பக்கம்தான் புத்தர் படிமங்கள் தோண்டக் கிடைத்தன. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை எழுதிக்கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அதன் மிச்சம் என்று சொல்லப்பட்ட கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். இப்போது பார்க்க எதுவும் இல்லை. கும்பிடவும் எதுவும் இல்லை. எல்லோரும் இறங்கினார்கள்.

புத்தர் சொன்னது ஆத்மா உண்டென்றா இல்லையென்றா என்று அக்கா மகன் கிளப்பினான். சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார். அக்கா, "ரெண்டு பேருக்கும் பஜ்ஜி சொல்லவா?" என்றார். விவாதம் முடிந்து திரும்பிப் பார்த்தால் வேன் கதவு சாத்தியிருந்தது. டிரைவர் தம்பி சீட்டை முழுசாகச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பவா?" என்றான் அக்கா மகன்.

"இன்னொரு டீ சொல்லு" என்றார் சித்தப்பா.