பட்டியல் போட்டவர்கள்

மார்ச் 4

இரவு முழுக்க நியூயார்க்கின் சுக்காட்டி பூங்காவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். 2011 செப்டம்பர் 17 அன்று, பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் தொடங்கிய இடம். வால் ஸ்ட்ரீட் என்பது நியூயார்க்கின் நிதி நிறுவனங்கள் நிறைந்த தெரு. கொஞ்ச நாளிலேயே அங்கே ஓர் ஓரத்தில் புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. மக்கள் நூலகம் என்று பெயர். பிளாஸ்டிக் பெட்டிகள், மழைக்குத் தார்ப்பாய். இரவல் சீட்டு கிடையாது, அபராதம் கிடையாது, நம்பிக்கைதான் கணக்கு.

என்னை உலுக்கியது வேறு ஒன்று. வந்து குவிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக, புத்தகப் பட்டியல் போடுவதற்கான லைப்ரரிதிங் இணையதளத்தில் பதிந்திருக்கிறார்கள். மொத்தம் 5,554. நாளைக்கு அந்த இடமே இருக்குமா என்று தெரியாதபோது உட்கார்ந்து பட்டியல் போட எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

மார்ச் 6

அதே போராட்டத்தின் பதாகைகளில் அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் கதாபாத்திரம் பார்ட்டில்பி வந்துவிட்டான். 1853இல் வெளிவந்த கதை. நடப்பதே வால் ஸ்ட்ரீட் அலுவலகம் ஒன்றில்தான். எந்த வேலை சொன்னாலும் அந்த எழுத்தர் ஒரே பதில்தான் சொல்வான்: 'I would prefer not to.'

அந்தப் பதிலைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'முடியாது' என்றால் சண்டைக்கு நிற்பதுபோல் இருக்கிறது. 'விருப்பமில்லை' என்றால் கதவைச் சாத்துவதுபோல். 'செய்யாமல் இருக்கவே விரும்புகிறேன்' என்பதுதான் கிட்டே வருகிறது. அந்த மரியாதைதான் எதிராளியைத் திணற வைக்கிறது. அட்டையில் எழுத இதைவிட நல்ல வரி கிடைக்காது.

மார்ச் 7

2010இல் ரோம் மாணவர்கள் கல்விச் சீர்திருத்தத்தை எதிர்த்தபோது, கேடயங்களைப் புத்தக அட்டைகளாகத் தீட்டி ஏந்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனிலும். தடி ஓங்கினால் ஒரு புத்தகத்தின் பெயர்மேல்தான் விழ வேண்டும். 2013 ஜூனில் இஸ்தான்புல்லின் தக்சீம் சதுக்கத்திலோ கேடயமும் இல்லை; ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து, அசையாமல் நின்று படித்தார்கள். எனக்கு இதுதான் இன்னும் பிடித்திருக்கிறது.

மார்ச் 12

மறுபடி சுக்காட்டி. 2011 நவம்பர் 15 பின்னிரவில் காவல்துறை பூங்காவைக் காலி செய்தது. அப்போது சுமார் 3,600 புத்தகங்கள் போயின என்று, பிறகு நகர நிர்வாகத்தின்மேல் போட்ட வழக்கில் நூலகத் தரப்பினர் சொன்னார்கள். திரும்பக் கிடைத்தவை 1,003. அவற்றிலும் 201 பயன்படாத நிலையில்.

201 என்பதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. என் புத்தகம் ஒன்று ஒருமுறை முழுசாக நனைந்தது. பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாள் செருகி, நான்கு நாள் விசிறிக்கடியில் வைத்தேன். காய்ந்தது, ஆனால் உப்பிப்போய் மூட முடியாமல் விரிந்தே கிடந்தது. பசை விட்டு முதுகு தனியாக வந்துவிட்டது. அப்படி 201.

2013 ஏப்ரலில் நகர நிர்வாகம் நூலகத்துக்காக 47,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் செலவு தனி. என்னென்ன இருந்தன என்று கேட்டால் காட்டுவதற்கு அவர்களிடம் அந்தப் பட்டியல் இருந்தது. அப்புறம், வெளியேற்றப்பட்ட அன்றே தன்னார்வலர்கள் புதுப் புத்தகங்களோடு பூங்காவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.