கச்சான் காற்றும் 12 பாரும்

ஜூலை 6, ஞாயிறு

பின்னேரம் ஜாஸ் கிட்டார் பழகத் திருகோணமலைப் பாலையூற்றுக்குப் போனேன். அங்கிள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரை, இரண்டு கிட்டார், எனக்கொரு பிளேன்டீ. பறங்கியர் கலியாண வீடுகளில் கஃபிரிஞ்ஞா என்கிற ஆட்ட இசை அடித்தே விரல் காய்த்துப்போன மனிதர். ஜாஸ் என்று வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்.

"ஜியில ஒரு ப்ளூஸ் வாசியும் பாப்பம்."

தெரிந்ததை வாசித்தேன். கோர்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், பார் என்றால் நாலு அடி. ஜி7 நாலு பார், சி7 இரண்டு, திரும்ப ஜி7 இரண்டு, பிறகு டி7, சி7, ஜி7, டி7. மொத்தம் 12, ப்ளூஸின் ஒரு சுற்று.

"சோறு சரி தம்பி. கறி எங்க?"

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்:

ஜி7 | சி7 | ஜி7 | ஜி7
சி7 | சி ஷார்ப் டிமினிஷ்ட் | ஜி7 | ஈ7
ஏ மைனர் 7 | டி7 | ஜி7, ஈ7 | ஏ மைனர் 7, டி7

அதே 12 பார்தான். ஆனால் மூன்று கோர்ட் ஆறாகிவிட்டது, கடைசி இரண்டு பாரிலும் பாருக்கு இரண்டு. ஓட்டோவில் வரும்போது பில்லை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட சூடு. சன்னலைத் திறந்தால் அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரி. டச்பே கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்றில் கம்பியெல்லாம் சொரசொரப்பு. ஆறு கம்பியையும் சேர்த்து அமத்தி ஒவ்வொரு கோர்ட்டாகத் தாவினேன். ஆறாவது பார் வருவதற்குள் கை விறைத்துவிட்டது.

போனில் கூட்டாளியிடம் "பன்னிரண்டு பாரும் சுத்தி வரேலாமக் கிடக்கு" என்று சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. திருகோணமலையில் அவ்வளவு பாரா இருக்கு என்று கேட்டார்.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி)

லீவு. வெள்ளனவே பாலையூற்று. நான் அமத்துவதைப் பார்த்ததுமே அங்கிள் என் கையைத் தட்டிவிட்டார். "மூண்டு கம்பி போதும்."

ஜி7: ஆறாம் கம்பி மூன்றாம் பிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), நாலாம் கம்பி மூன்று, மூன்றாம் கம்பி நாலு. ஐந்தாம் கம்பியை விரல் நுனி தொட்டு ஊமையாக்கும். மற்ற இரண்டும் தேவையில்லை.

அங்கிருந்து சி7க்குப் போக, மேல் விரல் ஆறாம் கம்பியை விட்டு ஐந்தாம் கம்பிக்கு, அதே மூன்றாம் பிரெட்டில். மற்ற இரண்டு விரலும் ஆளுக்கொரு பிரெட் கீழே. அவ்வளவுதான்! சி7இலிருந்து டிமினிஷ்டுக்கு இன்னும் மோசம்: ஐந்தாம் கம்பி மட்டும் மூன்றிலிருந்து நாலுக்கு. சி போய் சி ஷார்ப் வந்தது, மற்றதெல்லாம் இருந்த இடத்தில். செவ்வாய் முழுக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் விசர் வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

இடது கை ஓடுகிறது. இப்போது வலது கை சண்டை. பதினைந்து வருசமாகப் பைலா என்கிற ஆட்டப்பாட்டு அடித்த கை, 6/8 தாளம் தவிர வேறொன்றும் கேட்காது. எதைத் தொட்டாலும் கலியாண வீடாகிவிடுகிறது.

அங்கிள் ஃப்ரெடி கிரீனின் வாசிப்பைப் போட்டுக் காட்டினார். கவுண்ட் பேசி இசைக்குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் சாகும்வரை கிட்டார் வாசித்த மனிதர். பாருக்கு நாலு அடி, அவ்வளவுதான் வேலை. காது கொடுத்தால்தான் கிட்டார் இருப்பதே தெரியும். அதை எடுத்துவிட்டால் முழு பாண்டும் நொண்டும் போலிருந்தது.

எனக்கு வழி கிடைத்தது வேறிடத்தில், சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் கைதட்டிச் சொன்ன திஸ்ரத்தில், அதாவது மூன்றாக எண்ணும் நடையில். ஒவ்வொரு அடிக்குள்ளும் ஒரு 'தகிட' சொல்லி நடுவிலுள்ள 'கி'யை விழுங்கினால் த–ட, த–ட. ஜாஸின் ஸ்விங் நடை அதுதான்! பைலாக்காரக் கைக்கும் மூன்று பழக்கம்தானே. அங்கிளிடம் சொன்னேன். "உதைத்தானே நான் ஒரு கிழமையாச் சொல்லுறன்" என்றார். சொல்லவே இல்லை.

ஜூலை 19, சனி

எட்டாவது பாரில்தான் ஒவ்வொரு முறையும் தொலைகிறேன். விரலில் பிழையில்லை, காதுதான். சுருதிப்பெட்டியோடு வளர்ந்த காதுக்கு ஜி என்றால் சட்ஜம், அது அசையக்கூடாத தூண். ஈ7 அந்தத் தூணையே அரைப்படி மேலே தள்ளிவிடுகிறது, ஜி ஷார்ப். நெஞ்சு ஒருதரம் பதறுகிறது. அடுத்த பாரில் ஏ மைனர் 7 வந்ததும் நாலாம் கம்பியில் ஜி பழையபடி இருக்கிறது, ஆனால் இப்போது அது சட்ஜம் மாதிரிக் கேட்கவில்லை, வாடகைக்கு வந்த ஆள் மாதிரி. அடுத்து டி7இல் அதுவும் ஒரு பிரெட் இறங்கி எஃப் ஷார்ப் ஆகி, ஜி7இல் போய் வீடு சேர்கிறோம்.

பழைய மூன்று கோர்ட் ப்ளூஸில் இந்த நாலு பார் சுற்றுப்பயணம் இல்லை. சும்மா வீட்டிலேயே இருந்துவிட்டேன் இவ்வளவு நாளும்.

ஜூலை 22, செவ்வாய்

இரவு காற்று அடங்கிய பிறகு மெதுவாக, தகிட சொல்லிச் சொல்லி, எங்கும் தொலையாமல் மூன்று சுற்று. நாலாவதும் வந்தது. கடைசிப் பாரின் டி7 முதல் பாருக்கே இழுத்துக்கொண்டு போகிறது, ஐந்து, ஆறு...

அம்மா அறையிலிருந்து கேட்டார்: "எப்பயடா முடியும்?"

முடிக்கிறது எப்படி என்று அங்கிள் இன்னும் சொல்லித்தரவில்லை.