கடை நகர்ந்தால் லைசென்ஸ் நகராது

மருந்துக்கடைக்காரர்கள் என்னிடம் கொண்டுவருகிற கேள்விகளில் பாதிக்கு ஒரே பதில்தான்: "புதுசா எடுக்கணும்." டி.பார்ம் என்ற மருந்தாளுநர் டிப்ளமோ முடித்து நாகர்கோவிலில் பல வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். இப்போது மற்றவர்களின் லைசென்ஸ் காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கிறேன். புதுக்கடை திறக்க வருகிறவர்களுக்கு இந்தப் பதிலில் சங்கடம் எதுவும் இல்லை. கடையை வேறு இடத்துக்கு மாற்றவோ, இரண்டு கடையை ஒன்றாக்கவோ, பங்காளியைப் பிரித்துவிடவோ வருகிறவர்களுக்குத்தான் முகம் சுருங்கிவிடும்.

காரணம் எளிது. 1940-ஆம் வருடத்து மருந்துச் சட்டத்துக்கும் 1945-ஆம் வருடத்து விதிகளுக்கும் கடை திறப்பதைப் பற்றி நிறையத் தெரியும். நகர்வது, சேர்வது பற்றிப் பெரிதாகத் தெரியாது. நகர்ந்தாலும் சேர்ந்தாலும் விதிகளின் கண்ணுக்கு அது ஒரு புதுத் திறப்புதான். ஒவ்வொரு இடத்துக்கும் தனி விண்ணப்பம், தனி லைசென்ஸ் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

திறப்பதற்கான காகிதங்கள் உண்மையில் அவ்வளவு கடினமில்லை. சில்லறை விற்பனைக்கு ஃபார்ம் 19-இல் விண்ணப்பம். கிடைப்பது ஃபார்ம் 20, 21 என்று இரண்டு லைசென்ஸ். இன்சுலின், தடுப்பூசி மாதிரியானவை 21-இல் வரும். அரசுக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 3,000 ரூபாய். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அதாவது சுமார் 107 சதுர அடி. சில்லறையும் மொத்தமும் ஒரே இடத்தில் என்றால் 15 சதுர மீட்டர். கோட்டாறு பக்கத்துப் பழைய கடைகளில் இந்த 107 அடி தேறுவதே பெரும்பாடு. முன்பக்கம் ஆறடி, உள்ளே குகை மாதிரி நீளம், நடுவில் மாடிப்படி. ஆய்வாளர் டேப்பை நீட்டும்போது உரிமையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இடத்தைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்பது எனக்கே ஒவ்வொரு தடவையும் புதுக் கவலை.

குளிர்ப்பெட்டி இல்லாமல் 21 கிடைக்காது. பலர் அதை ஆய்வுக்கு வைக்கும் சாமான் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினை வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் உள்ள வீடு எங்கே என்று கடைக்காரர்கள் அலைந்தார்கள். அதற்கப்புறம் குளிர்ப்பெட்டி எதற்கு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இனி நகர்வதற்கு வருகிறேன். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ஒருவருடைய கடையின் முன்பாதி போனது. மிச்சம் இருந்தது 10 சதுர மீட்டருக்குக் கீழே. எதிர்ச்சாரியில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவருடைய மைத்துனரின் கட்டடம் காலியாக இருந்தது. சாமான்களை ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

"எனக்க பேர்லதானே சாரே லைசென்சு இருக்கு? கட எங்க இருந்தா அவியளுக்கு என்ன?"

லைசென்ஸில் அவர் பெயரும் இருந்தது, கடை இருக்கும் இடமும் இருந்தது. இரண்டில் எது மாறினாலும் அந்தத் தாள் செல்லாது. எதிர்ச்சாரிக் கட்டடத்துக்கு லைசென்ஸ் வரும்வரை அங்கே ஒரு பாராசிட்டமால் அட்டையைக்கூட விற்பனைக்கு வைக்க முடியாது. புது பிளான், புது வாடகை ஒப்பந்தம், புது ஆய்வு எல்லாம் முடிந்து கடை திறப்பதற்குள், மாதம் தவறாமல் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குகிற ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் பழகிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள் என்று அவர் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

லைசென்ஸை இடத்தோடு கட்டி வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. வெயில் நேராக அடிக்கிற தகரக் கூரைக்கு அடியில் மருந்து கெட்டுப்போகும்; இடத்தைப் பார்க்காமல் அனுமதி கொடுக்க முடியாது. ஆனால் இருபது வருடம் ஒரு புகாரும் இல்லாமல் கடை நடத்தியவரையும், நேற்று விண்ணப்பம் போட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை. இடத்தை மட்டும் ஆய்வு செய்து, ஆளின் பழைய பதிவை அப்படியே கொண்டுபோக ஒரு வழி வைத்திருக்கலாம்.

களியக்காவிளையில் இதைவிட வேடிக்கை. 1956-இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அந்த எல்லையில் கடை வைத்திருக்கும் ஒருவர், வாடகை குறைவு என்று பாறசாலைப் பக்கம் போக ஆசைப்பட்டார். நடந்தே போய்விடும் தூரம். வாங்க வருகிற முகங்களும் மாறப்போவதில்லை. ஆனால் அங்கே லைசென்ஸ் தருவது வேறு அரசு. அவரிடம் வேலை பார்த்த பார்மசிஸ்ட் பதிவு செய்திருந்தது தமிழ்நாட்டு பார்மசி கவுன்சிலில். அங்கே நிற்க வேண்டுமென்றால் கேரளக் கவுன்சிலில் பெயர் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சாரே, வாடகைய கொடுத்துட்டு இங்கனயே கெடக்கேன்" என்று எழுந்துவிட்டார்.

சேர்வதற்குக் கருங்கலிலிருந்து ஒரு அண்ணன் தம்பி வந்தார்கள். அண்ணனுக்கு அங்கே ஒரு கடை, தம்பிக்குத் திங்கள்நகரில் ஒரு கடை. அண்ணனுக்கு முட்டுவலி; இருவரும் கூட்டாகத் திங்கள்நகர்க் கடையை மட்டும் நடத்துவது என்று முடிவு. தம்பி கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது, சுவரில் சுண்ணாம்புகூட மாறவில்லை. ஆனாலும் தம்பி என்ற ஆள் வேறு, அண்ணன் தம்பி சேர்ந்த பார்ட்னர்ஷிப் வேறு. கூட்டின் பெயரில் புது லைசென்ஸ் எடுத்து, இரண்டு பழையதையும் ஒப்படைத்து, இருந்த சரக்கை பேட்ச் நம்பர் வாரியாகப் பில் போட்டுப் புதுக் கடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தம்பி தன் சரக்கைத் தானே வாங்கிக்கொள்ளும் பில்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கூட்டுக் கடைகளில் ஒரு பங்குதாரர் இறந்துபோனால் இன்னும் சிக்கல். நிறுவனத்தின் அமைப்பு மாறிய நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதம்தான் பழைய லைசென்ஸ் செல்லும். அதற்குள் புதியது எடுத்தாக வேண்டும். பதினாறு அடியந்திரம் முடிந்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மகன் கடைக்கு வருவதா மருமகன் வருவதா என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் மூன்று மாதம் எங்கே நிற்கும்?

ஊருக்கு இந்தக் கடை வேண்டுமா என்ற கேள்வி மட்டும் இவ்வளவு காகிதத்துக்கு நடுவில் எங்கேயும் எழுவதில்லை. 64-ஆம் விதியில் ஒரு வரி உண்டு: லைசென்ஸ் கொடுக்கும்போது முந்தைய மூன்று வருடத்தில் சராசரியாக எத்தனை கொடுக்கப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும் என்று. அதைக் காட்டி ஒரு விண்ணப்பத்தையாவது நிறுத்தியதாக என் அனுபவத்தில் இல்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் கடைக்குக் கடை பச்சைச் சிலுவை தெரிகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு, மோதிரமலை பக்கம் ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் குலசேகரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

பிரான்ஸில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள் என்று படித்தேன். ஒரு ஊரில் 2,500 பேர் இருந்தால்தான் முதல் மருந்துக்கடைக்கு அனுமதி. அதற்குமேல் ஒவ்வொரு 4,500 பேருக்கும் இன்னொன்று. திறப்பு, இடமாற்றம், இரண்டு கடை சேர்வது மூன்றையும் சட்டம் தனித்தனியாகப் பேசுகிறது. மூன்றுக்கும் வட்டாரச் சுகாதார நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஸ்பெயினில் இரண்டு கடைகளுக்கு நடுவே பொதுவாக 250 மீட்டர் இருக்க வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது, டி.பார்ம் முடித்துச் சொந்தமாக ஒரு கடை வைக்க நினைக்கிற பிள்ளைகள்தான். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். அதனால் தூரக் கணக்கு நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் இடமாற்றத்துக்கும் சேர்க்கைக்கும் தனி வழி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

மூடுவதை நம் ஊரில் யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டினால் கடை மூடியாயிற்று என்று நினைப்பு. லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும், மிச்சச் சரக்கை ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்ப வேண்டும், சில ஆன்டிபயாடிக் மாதிரிக் கவனமாக விற்க வேண்டிய மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் ஷெட்யூல் ஹெச் 1 பதிவேட்டை மூன்று வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். முன்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காத கடை தானாகவே கணக்கிலிருந்து விழுந்துவிடும். 2017 அக்டோபரில் விதி மாறி, லைசென்ஸ் நிரந்தரமானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் போதும். தவறினால் மாதம் இரண்டு சதவீதம் அபராதம், ஆறு மாதமும் தாண்டினால் ரத்து. கடைக்காரருக்கு நல்ல மாற்றம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் கட்டிய மறுவருடமே பூட்டிவிட்டுப் போன கடை, அடுத்த தவணை வரும்வரை காகிதத்தில் திறந்தே கிடக்கும்.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். குழித்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னிடம் வந்தபோது கையில் பிள்ளை. அவள் வேலை பார்த்த கடையின் முதலாளி ஒருநாள் பூட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். லைசென்ஸை ஒப்படைக்கவில்லை. பொறுப்பு பார்மசிஸ்ட் என்று அவள் பெயர் அதிலேயே மாட்டிக்கொண்டது. நாகர்கோவிலில் புதுக் கடை ஒன்றில் வேலை தயார். அவர்கள் விண்ணப்பம் போட்டால், இந்தப் பெயர் ஏற்கெனவே வேறு கடையில் இருக்கிறது என்று திரும்பி வருகிறது. சர்டிபிகேட்டை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு எங்கேயோ வேலை பார்க்கிறவர்கள் இருப்பதால், ஒரே பெயர் இரண்டு இடத்தில் தெரிந்தால் அதிகாரிகள் சந்தேகப்படுவதும் நியாயம்தான். அந்த வாடகைத் தொழில் செய்தவர்கள் சுகமாக இருக்க, ஒழுங்காகக் கடையில் நின்ற இவள் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் அண்ணே?" என்று கேட்டாள்.

ராஜினாமாக் கடிதத்தை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவர் கட்டைவிரல் படம் ஒன்று போட்டதோடு சரி. அதைக் காட்டி யாரை நம்பவைக்க? கடைசியில் அவளே ஒரு கடிதம் எழுதி, பூட்டிய கடையின் படத்தையும் கட்டட உரிமையாளரின் கடிதத்தையும் சேர்த்து, மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தாள். அவள் பெயரை அந்தக் கடையிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் நாகர்கோவில் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அவளுக்கு அப்புறம் மார்த்தாண்டத்தில் கிடைத்தது.

இப்போது வேலைக்குச் சேர்கிற பார்மசிஸ்ட் பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: விலகும்போது கடிதத்தின் ஒரு நகலை முதலாளிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, இன்னொன்றை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வை, அந்தத் தாளை சர்டிபிகேட்டோடு சேர்த்து லேமினேட் பண்ணாமல் கவரில் போட்டு வை. லேமினேட் பண்ணினால் பின்னால் முத்திரை வைக்க முடியாது.