‘பால் பத்தலை’ என்று மட்டும் எழுதினால் போதாது

பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன தாய்மார்கள் என்னிடம் கொண்டுவரும் காகிதங்களில் இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘பால் போதவில்லை’ என்பது ஒன்று. ‘தாய்ப்பால் புகட்டுவது பற்றி ஆலோசனை வழங்கப்பட்டது’ என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்து அந்தத் தாயைப் பார்க்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. போதவில்லை என்று சொன்னது யார்? தாயா, மாமியாரா, பணியில் இருந்த செவிலியரா? குழந்தை அழுததை வைத்துச் சொன்னார்களா, எடையை வைத்துச் சொன்னார்களா? என்ன ஆலோசனை தந்தார்கள், அதில் எதைச் செய்து பார்ப்பதாக அந்தப் பெண் ஒத்துக்கொண்டார்? எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. தையல் வலியோடு, தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவர் அதே கதையை நாலாவது ஆளிடம் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கத்தில் தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பாதி நாள் மருத்துவமனையில், மீதி நேரம் வீடுகளில். குழந்தையை எப்படிப் பிடிப்பது, மார்பில் எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் எங்களுக்குள் நிறையப் பேசுகிறோம். குறிப்பு எழுதுவது பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. கடைசியில் அவசர அவசரமாக முடிக்க வேண்டிய எழுத்து வேலையாக அது நின்றுவிட்டது. அடுத்த முறை அந்தத் தாய்க்குக் கிடைக்கப் போகும் உதவி இன்று நாம் எழுதும் அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த முறை பார்ப்பது நானாக இருக்கலாம், குழந்தை மருத்துவராக இருக்கலாம், கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் 7 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்கிறோம், 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறிப்பில் ‘எடை 2.860’ என்று மட்டும் இருந்தால் இந்த அறிவு எதற்கும் உதவாது. பிறந்த எடை 3.100, 76 மணி நேரத்தில் 2.860, ஆடை இல்லாமல், வார்டுத் தராசில் என்று எழுதினால் 7.7 சதவீதம் குறைவு என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். முதல் வாரத்தில் வயதை நாளில் எழுதாமல் மணி நேரத்தில் எழுதுவது நல்லது. இரவு 11 மணிக்குப் பிறந்த குழந்தையை ஒருவர் மூன்று நாள் என்பார், இன்னொருவர் நாலு நாள் என்பார். அந்த வயதில் ஒரு நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம். பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் அதையும் எழுத வேண்டும். அந்த நீர் குழந்தையின் பிறந்த எடையைச் சற்றுக் கூட்டிக் காட்டும், பிறகு இறங்குவதும் கூடுதலாகத் தெரியும்.

ஒரு குடும்பம் 12 நாள் குழந்தையோடு வந்தது. கையில் இருந்த காகிதத்தில் ‘பால் போதவில்லை’, அதன் கீழே பால் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதனால் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எதுவும் இல்லை. தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் எடையைக் கிராம சுகாதார செவிலியர் தெளிவாக எழுதியிருந்தார்: 2.780. நான் பார்த்தபோது 2.990. ஏழு நாளில் 210 கிராம், நாளுக்கு 30 கிராம். பவுடர் பால் முந்தின நாள் இரவுதான் ஆரம்பித்திருக்கிறது. அதுவரை அந்தக் குழந்தை வளர்ந்தது முழுக்க அம்மாவின் பாலில்தான். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை விடாமல் அழுகிறான், வாயை எடுத்தால் மறுபடி கேட்கிறான் என்பதுதான் வீட்டில் இருந்த கவலை. அந்த வயதில் நிறையக் குழந்தைகள் மாலை நேரத்தில் அப்படித்தான் அடிக்கடி குடிக்கும். அட்டையில் இருந்த அந்த ஒரு எண் இல்லாவிட்டால் நான் என்ன சொன்னாலும் ஆறுதல் வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். அந்தச் செவிலியரை நான் பார்த்ததுகூட இல்லை.

அடுத்து, குழந்தை குடிக்கும் விதம். ‘நன்றாகப் பிடிக்கிறது’ என்று எழுதுவது வழக்கம். நான் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்வேன். வாய் அகலமாகத் திறந்திருந்ததா? முகவாய் மார்பில் ஒட்டியிருந்ததா? கீழுதடு வெளியே மடிந்திருந்ததா? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்ததா? விழுங்கும் சத்தம் கேட்டதா, எத்தனை உறிஞ்சலுக்கு ஒருமுறை? குடித்து முடித்து வாயை எடுத்தபோது காம்பு உருண்டையாக வந்ததா, ஒரு பக்கம் நசுங்கிச் சாய்வாக வந்ததா? வலதும் இடதும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

லாட்ச் என்று ஒரு மதிப்பெண் முறை 1994இல் வந்தது. பிடிப்பு, விழுங்கும் சத்தம், காம்பின் வகை, தாயின் வலி, பிடித்துக்கொள்ள உதவி தேவையா என்று ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. வார்டில் நிறையப் பேரைப் பார்க்கும்போது அது பயன்படத்தான் செய்கிறது. ஆனால் ‘லாட்ச் 7’ என்று மட்டும் எழுதினால், அந்த மூன்று எதில் போனது என்று தெரியாது. விழுங்கும் சத்தமே இல்லாமல் 7 வருவதும், உதவி தேவைப்பட்டுக் கொஞ்சம் வலியும் இருந்து 7 வருவதும் ஒன்றல்ல. ஐந்து எண்ணையும் பிரித்து எழுத அரை நிமிடம் போதும்.

வலது, இடது என்று பிரித்து எழுதுவதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று வாரக் குழந்தை ஒன்று வலது மார்பில் குடிக்க மறுத்தது. வலது பக்கம் பால் குறைவு என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் சந்திப்பில் எழுதியது: ‘இடது, மடியில் வைத்து, நன்றாகக் குடிக்கிறது. வலது, மடியில் வைத்து, அழுது விலகுகிறது.’ இரண்டாம் முறை என் சகா போனார். அவர் எழுதியது: ‘வலது, அக்குளுக்குள் இடுக்கிப் பிடித்தால் குடிக்கிறது.’ மூன்றாவதாக நான் போனபோது இரண்டையும் சேர்த்துப் படித்தேன். மடியில் வைத்து இடதில் குடிக்கும்போதும், இடுக்கிப் பிடித்து வலதில் குடிக்கும்போதும் குழந்தை படுத்திருக்கும் வாகு ஒன்றேதான். மார்பில் பிரச்சினை இல்லை, குழந்தைக்குத்தான் ஒரு பக்கம் வசதி, மறு பக்கம் சிரமம். தொட்டிலில் பார்த்தால் தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. குழந்தை மருத்துவரிடம் அனுப்பினோம். கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருப்பதாகச் சொல்லிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். சகா அன்று ‘வலதிலும் குடிக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு இது புலப்பட்டிருக்காது.

அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் கொண்டுவந்த நான்கு பகுதி முறையைப் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள்: நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, நமது கணிப்பு, அடுத்து செய்வது. நானும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஒரு சின்ன மாற்றம் மட்டும். நம் வேலையில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. அதனால் தாயைத் தனியாகவும் குழந்தையைத் தனியாகவும் எழுதி, இருவரும் சேரும் பாலூட்டலை நடுவில் எழுதுகிறேன். அப்படிச் செய்யாவிட்டால் குழந்தையின் எடை, சிறுநீர், மலம் பற்றியே பக்கம் நிறைந்துவிடும். தாய் சாப்பிட்டாரா, தூங்கினாரா, காய்ச்சல் அடிக்கிறதா, மார்பில் கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் விடுபட்டுப்போகும்.

தாய் சொன்னது என்ற பகுதியில் அவருடைய வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். ‘வலி உள்ளது’ என்பதைவிட ‘அவன் வாய் வச்சதும் கால் கட்டைவிரல் மடங்கிப் போகுதுக்கா’ என்பது அதிகம் சொல்கிறது. ‘எங்க அம்மாவுக்கும் பால் இல்ல, எனக்கும் அப்படித்தான் இருக்கும்’ என்று ஒருவர் சொன்னால் அது அவர் மனதில் ஏற்கெனவே முடிவான விஷயம். எத்தனை முறை புகட்ட வேண்டும் என்று நான் அட்டவணை போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பேசியாக வேண்டும். அடுத்து வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சீம்பாலுக்கு முன்னால் என்ன கொடுத்தார்கள் என்பதைக் கேட்கும் விதத்திலும் எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். பிறந்ததும் நாக்கில் இனிப்பாகச் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் எல்லாம் இன்னும் இருக்கின்றன. ‘எதுவும் கொடுக்கலையே?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘உங்க வீட்டு வழக்கப்படி பிள்ளைக்கு என்ன தொட்டு வச்சீங்கம்மா?’ என்று பாட்டியைக் கேட்டால் அவரே பெருமையாகச் சொல்வார். குறிப்பில் எதை, எப்போது, எவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதும். ‘மூடநம்பிக்கை’, ‘அறியாமை’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது என்று பாட்டியிடம் நேரில் சொல்லலாம், சொன்னதையும் எழுதலாம். புட்டிப்பால் கொடுத்தால் எத்தனை மில்லி, எத்தனை தடவை, புட்டியிலா பாலாடைக் கிண்ணத்திலா, யார் சொல்லி எந்த நாளில் ஆரம்பித்தது என்பது வேண்டும். புட்டிப்பாலைக் குறைத்துக்கொண்டே வரத் திட்டமிடுவதற்கு அந்த எண்கள்தான் அடிப்படை. இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். பால் பவுடர் விளம்பரத்தையும், சுகாதாரப் பணியாளருக்கு நிறுவனங்கள் பரிசு கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் பெயர் போட்ட பேடும் பேனாவும் நம் மேசையில் இருக்கவே கூடாது.

‘ஒத்துழைக்கவில்லை’ என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் பீய்ச்ச முடியாது என்று ஒரு பெண் சொன்னால், அதை அப்படியே எழுதலாம்: ‘இரவில் பீய்ச்ச முடியாது என்றார். தூக்கம் முக்கியம் என்கிறார். பகலில் நான்கு முறை செய்து பார்க்கச் சம்மதித்தார்.’ இதைப் படிப்பவர் மறுபடி இரவு வேலையை அவர் தலையில் சுமத்த மாட்டார்.

திட்டம் என்ற பகுதியில் செய்யக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். எத்தனை முறை, எந்தப் பக்கம் முதலில், எந்தத் தேதி வரை, அடுத்த எடை எங்கே, யார் யாரைக் கூப்பிடுவது. எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொன்னதையும் எழுதிவிட வேண்டும். ஐந்து நாள் தாண்டிய பிறகும் நாளுக்கு ஆறு முறைகூடச் சிறுநீர் போகவில்லை, மலம் இன்னும் மஞ்சளாகவில்லை, குடிக்க எழுப்பினாலும் எழவில்லை என்பவை அதில் உண்டு. நம் ஊரில் பிரசவம் ஒரு ஊர், தாய் வீடு இன்னொரு ஊர், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு வேறு ஊர். அதனால் அடுத்த மாதம் எங்கே இருப்பார், எந்த எண்ணில் பேசலாம், அந்த போன் யார் கையில் இருக்கும் என்பதையும் கேட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் காகிதத்தை எல்லோரும் படிப்பார்கள். மாமியார் படிப்பார், கணவர் படிப்பார், விஷயம் விசாரிக்க வந்த சித்தியும் படிப்பார். ‘பால் கொடுக்கவே பிடிக்கல, அழுகையா வருது’ என்று கதவைச் சாத்திவிட்டு என்னிடம் ஒருவர் சொன்னது அந்தக் காகிதத்தில் வரக் கூடாது. வீட்டில் அடி விழுவதோ, முந்தைய கருக்கலைப்போ, தொற்று பற்றிய விவரமோ வரக் கூடாது. அவை மருத்துவமனைக் கோப்பில் மட்டும், அதுவும் சிகிச்சைக்குத் தேவை என்றால் மட்டும். அழுகை நிற்காமல் இருந்தால் அதை மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும். குறிப்பில் புதைத்து வைப்பது உதவாது. மார்பின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அனுமதி கேட்டு, பார்த்து, பார்த்ததை வார்த்தையில் எழுதிவிட்டு, படத்தை அழித்துவிடுகிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அந்தத் தாயே ஒருநாள் கேட்டு வாங்கிப் படிப்பார் என்று எண்ணித்தான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

பால் புகட்டும்போது நான் எழுதுவதில்லை. கை குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கண் தாயின் முகத்தில் இருக்க வேண்டும். நேரமும் எண்ணும் மட்டும் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் முழுக் குறிப்பையும் முடித்துவிடுவேன். சாயங்காலம் வரை தள்ளிப்போட்டால் எந்தக் காம்பு நசுங்கியிருந்தது என்பது இரண்டு தாய்மார்களுக்கிடையே குழம்பிவிடும்.

கடைசிக் குறிப்பு என்று ஒன்று உண்டு. பலர் அதை எழுதுவதே இல்லை. தாய் வருவது நின்றுவிட்டால் கோப்பும் நின்றுவிடும். நான் போன் பண்ணிக் கேட்டு எழுதுகிறேன்: எத்தனை மாதம் வரை கொடுத்தார், எப்போது நிறுத்தினார், ஏன், அதில் அவருக்கு நிம்மதியா வருத்தமா. சிசேரியன் ஆன ஒரு பெண்ணின் கடைசிக் குறிப்பில் இப்படி இருந்தது: ‘முதல் 30 மணி நேரம் குழந்தை தனி வார்டில், பீய்ச்சச் சொல்லித் தரவில்லை. நாலாம் வாரத்திலிருந்து பாதித் தாய்ப்பால், பாதிப் பவுடர். ஏழு மாதம் வரை கொடுத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன் என்றார்.’ அவர் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டு ஏழாம் மாதத்தில் வந்தபோது அந்தத் தாளை எடுத்து அவரோடு சேர்ந்து படித்தேன். மகப்பேறு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினோம்: முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும், தனியாக வைக்க நேர்ந்தால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் கையால் சீம்பால் எடுக்கத் தொடங்க வேண்டும், அதைப் பாலாடையில் கொடுக்க வேண்டும். கீழே அவரே கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் அவர் பையில், ஒரு நகல் மருத்துவமனைக் கோப்பில்.